வயர் அறுந்த பிறகும் ஊசி ஆடியது

ஜூலை 14

மதுரையில் டாக்டரைப் பார்த்துவிட்டு நானும் வீட்டுக்காரரும் இப்போதுதான் பரமக்குடி வந்து சேர்ந்தோம். இனி ஆறு வாரத்துக்கு நான் வாயைத் திறக்கக் கூடாதாம். குசுகுசுவென்று பேசுவதும் கூடாதாம், அது இன்னும் கெடுதலாம்.

"கையில வேலை செஞ்சு செஞ்சு காய்ப்புக் காய்க்குமுல்ல, அது மாதிரி உங்க தொண்டையில காய்ச்சிருக்கு. எத்தனை வருஷமாம்மா கத்துறீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

கத்துறீங்களாம். ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் நடத்துவது அவருக்குக் கத்துவதாகப் படுகிறது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எல்.கே.ஜி. பிள்ளைக்குக் காட்டுவது போல உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். எனக்கு வந்த கோபத்தைப் பேருந்தில் திருப்புவனம் தாண்டும் வரை அடக்கிக்கொண்டு வந்தேன்.

பேச முடியாதவளுக்கு எங்கேயாவது கொட்டியாக வேண்டுமே. எல்.ஐ.சி. ஏஜெண்ட் கொடுத்த இந்த டைரி ஜனவரியிலிருந்து பால் கணக்குகூட எழுதப்படாமல் கிடந்தது. இனி இதுதான் என் வாய்.

ஜூலை 15

தலைமை ஆசிரியை அறைக்குப் போனேன். அந்த அம்மாள் பெயர் வசந்தகோகிலம். குரல் போனவள் போய் நிற்க வேறு பெயருள்ள ஆள் கிடைக்கவில்லை எனக்கு.

"லீவ் போட்டுட்டு வீட்ல ரெஸ்ட் எடுங்க இன்பவல்லி" என்றார்.

என் பிள்ளைகளுக்கு யார் நடத்துவது என்று ஒரு தாளில் எழுதி நீட்டினேன். படித்துவிட்டு மேடம் ஜன்னலைப் பார்த்தார். யாரும் இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"சரி, காலாண்டுப் பரீட்சை வரைக்கும் ஓட்டுங்க. மார்க் விழுந்துச்சுன்னாலோ, குரல் சரியாகலைன்னாலோ, உங்கள ஆபீஸ் வேலைக்கு மாத்திட்டு வேற ஆள் கேட்டு நான் எழுதத்தான் செய்யணும். தப்பா நினைக்காதீங்க, எனக்கு மேலயும் ஆளு இருக்குல்ல."

தப்பாக நினைக்கவில்லை. மேடம் நல்ல மாதிரிதான். ஆனால் ஆபீஸ் வேலை! சம்பளப் பட்டியலைக் கூட்டிக் கழித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டடத்தில் யாரோ ஒருத்தர் என் வகுப்பை எடுப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும். அதற்கு என்னை வீட்டுக்கே அனுப்பிவிடலாம்.

ஜூலை 16

பேசாமல் எடுத்த முதல் வகுப்பு. கேவலம்.

பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் மைக்செட். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்று மைக்செட் ஓடவில்லை என்று தெரிந்ததும் ஒரே கூத்து. கரும்பலகையில் எழுதத் திரும்பினால் பின்னால் சந்தைக்கடை. திரும்பிப் பார்த்தால் அமைதி. மறுபடி எழுதினால் மறுபடி சந்தை.

கடைசி பெஞ்ச் முத்தரசி இருக்கிறாளே, சென்ற வருஷம் முழுக்க வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி இருந்தவள், இன்று எழுந்து நின்று, "டீச்சர், மின்புலம்னு சொல்றது நெசமாவே அங்க இருக்கா, இல்ல நம்ம கணக்குக்காக வச்சுக்கிட்டதா?" என்று கேட்டாள். நான் பேச மாட்டேன் என்றதும் என்ன துணிச்சல் பாருங்கள். பதில் எழுதிப் போட அரைப் பலகை ஆயிற்று. அதற்குள் இன்னும் இரண்டு பேருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பாடம் நகரவே இல்லை.

ஜூலை 19

ரசத்தில் உப்பு இல்லை. வைத்தவர் அவர். சொல்ல முடியவில்லை, குடித்துவிட்டேன்.

ஜூலை 22

கெமிஸ்ட்ரி ஷர்மிளா பானு என்னைக் கையைப் பிடித்துக் கம்ப்யூட்டர் லேபுக்கு இழுத்துப் போனாள். அவள் ஏதோ ஆன்லைன் பயிற்சியில் சேர்ந்திருக்கிறாள். ஆசிரியர்களே சேர்ந்து ஆசிரியர்களுக்காக நடத்துவது, யாரும் சேரலாம். அந்தப் பயிற்சியில் ஒரு பொது இடம் இருக்கிறது. பெயர் பொதுப்பலகை.

"யார் வேணும்னாலும் அவங்க பாடத்த இதுல போடலாம்க்கா. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம், அவங்க பிள்ளைங்களுக்குத் தக்கன மாத்திக்கலாம், மாத்துனத திரும்பப் போடலாம். யாருகிட்ட எடுத்தோம்னு ஒரு வரி சொல்லணும், அம்புட்டுத்தான். பேசுறதுக்கு ஆளு அதுல இருக்காங்க. நீங்க பேசாம நின்னு போட்டுக் காட்டுங்க."

அடுத்தவர் பாடத்தைப் போட்டுக் காட்டிவிட்டு ஓரமாக நிற்பதற்கு நான் எதற்கு, வாட்ச்மேன் போதாதா என்று எழுதிக் காட்டினேன். ஷர்மிளா சிரித்தாள். சிரிக்க நான் ஒன்றும் எழுதவில்லை.

ஜூலை 23

வேறு வழியில்லை, பார்த்தேன். மின்தேக்கி பாடத்துக்கு ஒரு வீடியோவும் அதோடு ஒரு குறிப்பும் கிடைத்தது. போட்டவர் இலங்கையில், கிளிநொச்சியில் இருக்கும் தவராசா என்கிற ஆசிரியர். மனிதர் ஒரு பழைய சைக்கிள் டியூபை வைத்துக்கொண்டு மின்தேக்கியை விளக்குகிறார். காற்றை அடைக்க அடைக்க பம்ப் கனக்கிறதே, அதுபோல மின்சுமையை ஏற்ற ஏற்ற மின்னழுத்தம் கூடுகிறது என்று. எனக்கு இத்தனை வருஷத்தில் இது தோன்றவில்லையே என்று ஒரு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் குறிப்பில் ஒரு அலகு தப்பு. இன்னொரு இடத்தில் படத்துக்குத் தலைப்பு இல்லை. கீழே "திருத்தலாம்" என்று ஒரு பொத்தான் இருந்தது. திருத்தலாம் என்று எழுதி வைத்துவிட்டு ஒரு வாத்தியாரம்மாவைத் தனியாக விட்டால் என்ன ஆகும்? எழுத்தைச் சிவப்பாக்கிக்கொண்டேன். தப்பான அலகைச் சுழித்தேன். "படத்துக்குத் தலைப்பு எங்கே?" என்று ஓரத்தில் எழுதினேன். "சிந்தனை நன்று. கவனம் தேவை" என்று கீழே போட்டு, பத்துக்கு ஐந்தரை மார்க்கும் போட்டு, தேதியுடன் இன்பவல்லி என்று கையெழுத்தும் போட்டேன்.

வீட்டுக்கு வந்து தோசைக்கு அரைக்கும்போதுதான் உறைத்தது. அது முத்தரசியின் நோட்டு இல்லை. ஊர் உலகமெல்லாம் பார்க்கிற இடம். கடல் தாண்டி இருக்கிற, முன்பின் தெரியாத ஒரு பெரிய மனிதருக்குப் பத்துக்கு ஐந்தரை போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூலை 24

லேபுக்குப் போகப் பயம். ஷர்மிளாவை விட்டுப் பார்க்க வைத்தேன். அவள் திரையைப் பார்த்தாள், பிறகு மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினாள். தவராசா எழுதியிருந்ததை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"டீச்சர், நீங்கள் போட்ட மார்க் பாத்தனான். என்ரை மனிசி சிரிச்சுக் களைச்சுப் போனா. பள்ளிக்கூடம் விட்டதுக்குப் பிறகு முதல்தரமா என்ரை எழுத்தில சிவப்பு மை பட்டிருக்கு. அலகு பிழைதான், திருத்திப்போட்டன். தலைப்பும் போட்டிருக்கிறன். ஒருக்காப் பாத்து மார்க்கைக் கூட்டிப் போடுங்கோ."

அதற்குக் கீழே வேறு யார் யாரோ. கோலாலம்பூரில் தமிழ் வாத்தியார் ஒருவர், கூடலூரில் ஒரு டீச்சர், "எங்களுதையும் திருத்திக் கொடுங்கம்மா" என்று வரிசையில் நிற்கிறார்கள்.

தவராசாவுக்கு ஏழு போட்டேன். ஏழரை போட்டிருக்கலாம். தலையில் ஏறிவிடும்.

ஆகஸ்ட் 3

இன்று நான் பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நானே எழுதிய ஒரு பாடக் குறிப்பை முதல்முறையாகப் பொதுப்பலகையில் போட்டேன். குரல் இல்லாததால் பேச்சாக எழுதவில்லை. என் வகுப்பில் இப்போது நடப்பது போலவே எழுதினேன். முதலில் கையால் செய்து காட்டு. பிறகு நிறுத்து. பிறகு பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுது. பிள்ளைகள் முகத்தைப் பார். யாராவது எழும் வரை காத்திரு. இப்படியே போகும்.

போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், அந்தத் தாளில் எழுத்துகள் தானாக முளைக்கின்றன. ஒரு ஓரத்தில் கூடலூர் டீச்சர் என் உதாரணத்தைத் தேயிலைத் தோட்டத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். நடுவில் கோலாலம்பூர்க்காரர் ஒரு படம் வரைந்து ஒட்டுகிறார். கீழே தவராசா "விளங்கேல்லை, இன்னும் கொஞ்சம் விபரமா" என்று எழுதுகிறார், எழுதி முடிப்பதற்குள் இன்னொருவர் விவரிக்கத் தொடங்கிவிட்டார். ஒரே தாள். ஒரே நேரம். யாரும் யாரையும் பார்த்ததில்லை. யாரும் சம்பளத்துக்குச் செய்யவில்லை. எங்கோ இருக்கிற பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்கிற ஒரே காரணம்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதை நான் சும்மா எழுதவில்லை, கையைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 11

தவராசா என் குறிப்பைத் தன் குரலில் வாசித்துப் பதிந்து அனுப்பியிருந்தார். வகுப்பில் போட்டேன். "விளங்கிச்சோ பிள்ளையள்?" என்றதும் என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டாம் முறை கேட்டபோது பாதிப்பேர் "விளங்கிச்சு சேர்" என்றார்கள். மூன்றாம் முறை முத்தரசி எழுந்து, "வெளங்கல சேர்" என்றாள். வீடியோவிடம் சொல்கிறாள். பைத்தியம்.

அவளுக்கு விளங்காததை எழுதி அனுப்பினேன். சாயந்திரத்துக்குள் பதில் வந்துவிட்டது, அவள் பெயரைச் சொல்லியே. "முத்தரசிப் பிள்ளை நல்ல கேள்வி கேட்டிருக்கிறா" என்று தொடங்குகிறது. அதை அவள் எத்தனை தரம் கேட்டாள் என்று எண்ண முடியாது.

ஆகஸ்ட் 16

சாயங்காலம் வீட்டுக்காரர் தபால் ஆபீஸ் கதையெல்லாம் சொன்னார். யார் யாரோடு சண்டை, யாருக்கு மாற்றல், பழைய போஸ்ட்மாஸ்டர் எப்படி மணியார்டரில் தமிழும் இங்கிலீஷும் கலந்து எழுதுவார் என்றெல்லாம். இவ்வளவு பேசத் தெரியுமா இந்த மனிதருக்கு? இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தார்?

ஆகஸ்ட் 29

மறுபடி மதுரை. காய்ப்பு கரையவில்லை. அக்டோபரில் ஆபரேஷன். "குரல் வரும். முந்தி இருந்த குரல்னு எதிர்பார்க்காதீங்க" என்றார் டாக்டர். அதுவரை பேச்சு கிடையாது.

பேருந்தில் தூசி அதிகம். கண்ணெல்லாம் எரிச்சல்.

செப்டம்பர் 2

மின்காந்தத் தூண்டல் பாடத்தைப் பொதுப்பலகையில் போட்டுவிட்டேன்.

இது என் பாடம். மற்றதெல்லாம் புத்தகத்தில் இருப்பது, இது நான் செய்து செய்து கண்டது. ஓடாத மின்விசிறியிலிருந்து எடுத்த தாமிரக் கம்பியில் இரண்டு சுருள் சுற்ற வேண்டும். இரண்டையும் ஒயரால் இணைக்க வேண்டும். ஒரு சுருளுக்குள் திசைகாட்டியை வைக்க வேண்டும். மற்றச் சுருளுக்குள் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை வேகமாக நுழைத்து எடுக்க வேண்டும். பேட்டரி கிடையாது, பிளக் கிடையாது, ஆனாலும் கம்பியில் மின்சாரம் ஓடி, அங்கே ஊசி திரும்பும். காந்தம் சும்மா இருந்தால் ஊசியும் சும்மா இருக்கும். உலகத்தில் எரிகிற விளக்கில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தால்தான் எரிகின்றன.

எனக்கு இந்தப் பாடம் இந்த வருஷத்தோடு சரி என்றால், அது என்னோடு ஆபீஸ் பீரோவுக்குள் போக வேண்டாம். அதனால் போட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 10

தவராசாவின் யோசனை. இரண்டு வகுப்பும் ஒரே நேரத்தில் இணையத்தில் சேர்ந்து இந்தப் பாடத்தைச் செய்வது. அவர் பக்கம் ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும். எங்கள் பக்கம் என் பெண்கள். மேடமும் வந்து வாசலில் நின்றார்.

முதலில் நாங்கள். முத்தரசி காந்தத்தைச் சுருளுக்குள் விட்டாள். லேபின் மறுகோடியில் கடைசி பெஞ்ச் பிள்ளைகள் திசைகாட்டியைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். "ஆடுதுடி!" என்று கத்தினார்கள். கொஞ்சம்தான் ஆடும். எப்போதும் அப்படித்தான்.

பிறகு கிளிநொச்சி. அங்கே ஒரு பையன் காந்தத்தை அசைத்தான். அவர்கள் ஊசி சாமியாடியது. எங்களுடையதைப் போலப் பல மடங்கு. என் பிள்ளைகளுக்கு முகம் சுண்டிவிட்டது. நான்கூட, சரி, நம் சுருளில்தான் குறையோ என்று நினைத்தேன்.

அப்போது அங்கே ஒரு சிறுமி மெதுவாகச் சொன்னாள். "சேர், எங்கட வயர் அறுந்து கிடக்கு."

கேமராவுக்கு முன்னால் தூக்கிக் காட்டினாள். இரண்டு சுருளையும் இணைக்கிற ஒயர், நடுவில் அறுந்து தொங்குகிறது. பையன் மறுபடி காந்தத்தை அசைத்தான். ஊசி மறுபடி ஆடியது. வயர் அறுந்த பிறகும் ஆடியது.

தவராசா தாடையைத் தடவிக்கொண்டு நின்றார். மேடம் என்னைப் பார்த்தார். நான் பலகைக்குத் திரும்பி, எழுத ஒன்றும் தோன்றாமல், சாக்பீஸை வைத்துக்கொண்டு நின்றேன். என் பாடம். நான் கண்டது. மின்சாரம் ஓட வழியே இல்லாத இடத்தில் ஊசி ஆடுகிறது என்றால், இத்தனை வருஷம் நான் என்னத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன்?

முத்தரசி மைக்குக்கு ஓடினாள். என்னிடம் கேட்கவும் இல்லை.

"தம்பி, உங்க திசைகாட்டியும் காந்தமும் ஒரே மேசையிலயா இருக்கு?"

"ஓம்."

"சுருள ரெண்டையும் எடுத்து ஓரமா வையி. வெறும் காந்தத்த மட்டும் ஆட்டிப் பாரு."

ஆட்டினான். ஊசி ஆடியது. கம்பியே இல்லாமல்.

"அது கரண்டு இல்ல, தம்பி! ஊசியும் காந்தம், கையில இருக்கிறதும் காந்தம். பக்கத்துல இருக்கிறதால அது நேரா இழுக்குது. நாங்க ரூமோட அந்தக் கோடியில வச்சிருக்கோம். நீங்களும் தூரமா கொண்டு போங்க!"

அங்கே நாற்காலிகள் இழுபட்டன. யாரோ எங்கிருந்தோ ஒரு நீளமான ஒயர்ச் சுற்றைக் கொண்டுவந்து இணைத்தார்கள். திசைகாட்டியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கே போய்விட்டார்கள். பையன் காந்தத்தைச் சுருளுக்குள் விட்டான். வராந்தாவிலிருந்து பதில் இல்லை. மறுபடி விட்டான். நாங்கள் எல்லோரும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு வராந்தாவுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தோம்.

"ஆடுது சேர்! கொஞ்சந்தான். ஆனா ஆடுது!"

ஒயரைக் கழற்றச் சொன்னாள் முத்தரசி. கழற்றினார்கள். ஆடவில்லை. மாட்டினார்கள். ஆடியது.

இரண்டு பக்கமும் பிள்ளைகள் கத்திய கத்தில் பக்கத்து வகுப்பு தமிழய்யா ஓடிவந்தார். எனக்கு மட்டும் கத்த முடியவில்லை. மேசையைக் கையால் தட்டினேன். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. தவராசாவும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாடம் தானாகவே எழுந்து நடந்து போனதை நான் பார்த்தேன். இவ்வளவு காலம் வகுப்பெடுத்து இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

செப்டம்பர் 11

யோசித்து யோசித்துப் பார்த்ததில் தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. திசைகாட்டியைத் தூரத்தில் வைக்கவேண்டும் என்று நான் குறிப்பில் எழுதவே இல்லை. ஏன் எழுதவில்லை? எனக்கே தெரியாது, அதனால்தான். அதை நான் கடைசி பெஞ்சில் வைத்துப் பழகியது, அங்கே தூங்குகிறவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பதற்காக. பிசிக்ஸுக்காக இல்லை. கை செய்ததைத் தலை கவனிக்கவில்லை.

பொதுப்பலகையில் என் பாடத்துக்கு நானே சிவப்பு மை போட்டேன். பத்துக்கு நாலு. பிறகு பாடத்தையே மாற்றி, முதல் படியாக இதை வைத்தேன்: "வயரை அறுத்துவிட்டுச் செய். ஊசி ஆடினால் ஏமாறாதே. ஆடாத தூரத்துக்குக் கொண்டு போ. பிறகு வயரை இணை." திருத்தியவர்கள் பெயர்: பரமக்குடி முத்தரசி, கிளிநொச்சி மாணவர்கள்.

தவராசா கேட்டிருந்தார், "உங்களுக்கு நாலு மார்க் காணுமோ டீச்சர்?" என்று. போதுமா என்பதை அவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். காணும்.

செப்டம்பர் 27

காலாண்டு மார்க் வந்துவிட்டது. விழவில்லை. ஏறியிருக்கிறது, அதுவும் கடைசி பெஞ்சில். மேடம் பட்டியலை இரண்டு தரம் பார்த்தார். "மார்க் சரி. குரலையும் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்" என்றார். "அன்னைக்கு உங்க வகுப்புல நின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா தினமும் கிளிநொச்சி வருமா இன்பவல்லி?"

நியாயமான கேள்வி. அதனால்தான் கோபம் வந்தது.

அக்டோபர் 8

நாளை ஆபரேஷன். இட்லி மாவு, துவையல், அவருக்கு மாத்திரை எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. ஷர்மிளாவிடம் லேப் சாவி.

அக்டோபர் 26

டாக்டர் "ஆ" சொல்லச் சொன்னார். சொன்னேன். யார் சொன்னது என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. மெல்லிசாக, உள்ளுக்குள் காற்றோடு ஒரு குரல். இனி இதுதான் என்றார். சத்தம் போட முயற்சி பண்ணினால் இதுவும் போய்விடும் என்றார். வகுப்பில் மைக் வைத்துக்கொள்ளலாமா என்று வீட்டுக்காரர் கேட்டதற்கு டாக்டர், "அஞ்சு பத்து நிமிஷம் பேசலாம். நாள் முழுக்க அஞ்சு பீரியட், இந்தத் தொண்டை தாங்காது" என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். வழக்கமில்லைதான், ஆனால் கூப்பிட்டேன். "ஞானசேகர்." அடுப்பங்கரையிலிருந்து வந்துவிட்டார். இந்த வீட்டுக்கு இந்தக் குரல் போதும். வகுப்புக்குப் போதாது.

நவம்பர் 3

வகுப்பில் இரண்டாம் பெஞ்சுக்கு மேல் கேட்கவில்லை. பிள்ளைகள் நாகரிகமாகத் தலையாட்டினார்கள். அதுதான் தாங்கவில்லை.

மேடம் தாளை எடுத்து வைத்திருக்கிறார். உடல்நிலை காரணமாக ஆபீஸ் பணிக்கு மாற எனக்குச் சம்மதம் என்று. "நீங்களா கேட்டதா இருந்தா மரியாதையா இருக்கும்னுதான். வெள்ளிக்கிழமை வாங்கிக்கிறேன்" என்றார் மெதுவாக. என்னைப் போலவே மெதுவாகப் பேசினார் பாவம்.

போட்டுவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். ஒரு ஆசிரியைக்குக் குரல் இல்லையென்றால் என்ன மிச்சம்?

நவம்பர் 5

பொதுப்பலகையில் என் தூண்டல் பாடத்துக்குக் கீழே ஒரு புது வீடியோ. போட்டவர் லில்லி புஷ்பம். கூடவே ஒரு குறிப்பு.

"அன்புள்ள இன்பவல்லி டீச்சருக்கு, நான் காது கேளாத பிள்ளைகள் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எல்லாரும் போடுகிற பாடத்தையும் எடுத்துப் பார்ப்பேன். பேசுகிறவர்களுக்குக் கையும் வாயும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். எங்கள் பிள்ளைகளுக்கு இருப்பது கண் மட்டும்தான். என் சைகையைப் பார்த்தால் சோதனை போய்விடும், சோதனையைப் பார்த்தால் சைகை போய்விடும். ஒவ்வொரு பாடத்தையும் அக்கக்காகப் பிரித்துத் திரும்பக் கட்டணும். உங்கள் பாடத்தில் மட்டும் எனக்கு அந்த வேலையே இல்லை. செய்து காட்டு, நிறுத்து, கேள் என்று ஒன்று முடிந்துதான் இன்னொன்று வருகிறது. ஒரு வரிகூட மாற்றாமல் எடுத்துவிட்டேன். பிள்ளைகள் முகத்தைப் பாருங்கள். நீங்களும் எங்களைப் போலக் காது கேளாத பிள்ளைகள் பள்ளியில்தானே இருக்கிறீர்கள்? எந்த ஊர்?"

நான்கு தரம் படித்தேன். வீடியோவைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. நாளை பிள்ளைகளோடு பார்க்கிறேன்.

நவம்பர் 6

வகுப்பில் போட்டேன். ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை என்று ஒருத்தி எழுந்தாள். சத்தமே கிடையாது, உட்கார் என்று கையைக் காட்டினேன்.

லில்லி டீச்சர் வயரை அறுத்துவிட்டுத் தொடங்கினார். நான் எழுதியது போலவே. காந்தத்தை அசைத்தார், ஊசி ஆடியது. கையைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளைப் பார்த்தார். காத்திருந்தார். நான் எழுதிய அந்தக் "காத்திரு" ஒரு முழு நிமிடத்துக்குக் குறையாமல் அங்கே நின்றது. பிறகு ஒரு சின்னப் பையன் எழுந்து திசைகாட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான், தூரமாக, இன்னும் தூரமாக. ஊசி நின்றது. வயரை இணைத்தார்கள். காந்தம் உள்ளே போனது. அவன் ஊசியைப் பார்த்தான். நிமிர்ந்தான். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி விரல்களை ஆட்டினான். அந்த வகுப்பு முழுக்க அத்தனை கைகளும் எழுந்து ஆடின. கைதட்டல் அது. ஒரு சத்தமும் இல்லாத, கூரையைத் தொட்ட கைதட்டல்.

நான் குரலோடு இருந்த காலத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு என்னால் ஒரு வரி சொல்லியிருக்க முடியாது. குரல் போன பிறகு எழுதியது அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

கடைசியில் ஒரு பெண் குழந்தை சைகையில் ஏதோ கேட்டது. கீழே எழுத்தில் வந்தது: "தொடாமலே தள்ளுவது ஊசிக்கு எப்படித் தெரிகிறது?" வீடியோ அதோடு முடிந்தது.

என் பிள்ளைகளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பதில் அனுப்பியே ஆகவேண்டும், அதுவும் பேசாமல். முத்தரசி பெஞ்சைப் பின்னால் தள்ளிவிட்டு, கையாலேயே கம்பிச் சுருளைக் காட்டினாள். இன்னொருத்தி காந்தமாகி நடந்து வந்தாள். நாலு பேர் கைகோத்து ஒயராக நின்றார்கள். "மெதுவா வராத, வேகமா வா, வேகமா வந்தாத்தான் தெரியும்" என்று ஒருத்தி வாயை மூடிக்கொண்டு கையாலேயே அதட்டினாள். ஷர்மிளா போனில் படமெடுத்தாள். முதல் இரண்டு முறையும் பிழை. நான் நடுவில் போய் நின்று நிறுத்தினேன். ஒயரை அறுத்துக் காட்டினேன், கோத்த கையைப் பிரித்து. "ஓ!" என்றார்கள். மறுபடி தொடங்கினார்கள்.

அப்போதுதான் மேடம் வந்தார். நாளைதான் வெள்ளிக்கிழமை, இருந்தாலும் கையில் அந்தத் தாள்.

"ஒரு நிமிஷம் வர்றீங்களா இன்பவல்லி? கையெழுத்து ஒன்னு—"

டாக்டர் கொடுத்த இன்றைய நிமிடங்களில் ஒன்றுகூட நான் அதுவரை செலவழிக்கவில்லை. இப்போது செலவழித்தேன்.

"வகுப்பு நடந்துக்கிட்டு இருக்கு மேடம்" என்றேன். "அது வேணாம் எனக்கு. எடுத்துட்டுப் போயிருங்க."

என் குரல் எத்தனை பெஞ்ச் வரை கேட்டதோ தெரியாது. மேடத்துக்குக் கேட்டது. தாளைப் பார்த்தார், ஒயராக நின்ற நாலு பேரைப் பார்த்தார், எப்போது வேகமாக வருவது என்று என் கையையே பார்த்துக்கொண்டு நின்ற காந்தத்தைப் பார்த்தார். தாளை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

பிறகு கடைசி பெஞ்சுக்குப் போய், "கொஞ்சம் தள்ளி உக்காருங்கடி" என்று சொல்லி உட்கார்ந்தார்.

நான் கையை உயர்த்தினேன்.